பியூரெட் பிடிக்கத் தெரியாத வாத்தியாரின் பரீட்சைக் குறிப்புகள்

ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் சயன்ஸிலும் நல்ல மார்க் வாங்க நாலு குறிப்பு எழுதித் தரும்படி இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூளைச் சுவாசித்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். நானும் உடனே தலையாட்டிவிட்டேன். குறிப்புக் கொடுக்கச் சொன்னால் எனக்கு என்றைக்குமே வாய் அடங்காது. ஆனால் அதற்கு முன், என் குறிப்புகளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சரக்கின் தரம் தெரிந்துதான் வாங்க வேண்டும்.

முதல் நாள்

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. பகலில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தா. மாலை ஆறு மணிக்கு, ஜாலான் புசார் தெருப் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் டியூஷன் வாத்தியார். சிறு வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போன பெரியவர்கள், உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் பெரிய பரீட்சையைத் தனியாக எழுதிப் பாஸ் பண்ணுவதற்காக அங்கே வருவார்கள். கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். விடைத்தாளும் கப்பலில்தான் போகும். முடிவு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும்.

முதல் நாள் நான் வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினேன். உள்ளே ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மீசை. எனக்கு மட்டும்தான் இல்லை. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்த செல்லப்பா என்பவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

“வாங்க தம்பி, இப்படி உக்காருங்க. சார் இன்னும் வரல.”

“நான்தான் சார்” என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “அப்படியா சார்” என்று எழுந்து நின்றார். அந்த “அப்படியா” என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை. இவர்கள் முன்னால் தெரியாது என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது என்று அன்றே முடிவு கட்டினேன். பின்னால் நடந்த கோணல் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி அதுதான்.

முக்கோணம்

என் வெற்றியின் இரகசியம் மனப்பாடம். நான் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் பாஸ் ஆனேன். ஜியாமெட்ரி தேற்றங்களைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பேன். வகுப்பையும் ஒப்பிக்க வைத்தேன். கீழே கடையில் இரும்புக் கம்பி இறக்குவார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஒப்பிப்போம்.

அந்த வருஷப் பரீட்சையில் ABC முக்கோணம் வரவில்லை, PQR முக்கோணம் வந்தது. என் ஆட்களில் பாதிப் பேர் விழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். செல்லப்பா மட்டும் அசரவில்லை. விடைத்தாளின் மேலே, “P-க்குப் பதிலாக A என்றும், Q-க்குப் பதிலாக B என்றும், R-க்குப் பதிலாக C என்றும் கொள்க” என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்து பிசகாமல் இறக்கி வைத்துவிட்டு வந்தார். கணக்கில் நல்ல தேர்ச்சி. சயன்ஸில் மட்டும் விழுந்துவிட்டார்.

பாதி வகுப்பு விழித்ததை நினைத்து நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே. நம் ஆட்கள் கூடும் தேக்கா வட்டாரம் முழுக்க செல்லப்பா கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்தேன். “மனப்பாடம் இருந்தா எந்தக் கேள்வியையும் மடக்கிடலாம்” என்பது என் பொன்மொழி ஆனது.

ஆஸ்பத்திரி ஆள்

அடுத்த வருஷம் சயன்ஸ் வகுப்புக்கு ஐந்து பேர். செல்லப்பாதான் மாரிமுத்து அண்ணனை அழைத்து வந்தார். வயது முப்பத்தொன்று. ஒரு ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டர். கண்ணாடிச் சாமான் கழுவுவது, பாட்டில்களை அடுக்குவது, அசிஸ்டன்டுகள் கேட்பதை எடுத்துக் கொடுப்பது. ஒன்பது வருஷமாக அதே வேலை. அதிகம் பேசமாட்டார். கை மட்டும் எப்போதும் சோப்பு வாசனை அடிக்கும்.

லேப் அசிஸ்டன்டாக உயர அவருக்கு ஆசை. அவர் கேட்டது அநியாயம் ஒன்றுமில்லை, அந்த வேலையில் பாதியை ஏற்கெனவே அவர்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் விதி இருந்தது. கணக்கிலும் சயன்ஸிலும் இந்தப் பரீட்சையில் பாஸ் ஆகியிருக்க வேண்டும், முப்பத்திரண்டு வயது முடிவதற்குள் விண்ணப்பம் போட வேண்டும்.

“எனக்கு அடுத்த வருஷக் கடைசியில முப்பத்திரண்டு முடிஞ்சிரும் சார். இந்த வருஷம் எழுதினா, முடிவு மார்ச்சுல வந்துரும், போட்டுடலாம். அடுத்த வருஷம் எழுதினா, முடிவு வர்றதுக்குள்ள வயசு தாண்டிடும்.”

“கவலைய விடுங்க அண்ணே. என் நோட்ஸ மனப்பாடம் பண்ணுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், நான் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். உட்காருங்கள் என்று நான் ஒரு நாளும் உடனே சொன்னதில்லை. நிற்கட்டுமே என்று கொஞ்ச நேரம் ரசிப்பேன்.

பால் டின் பிராக்டிகல்

சயன்ஸில் பிராக்டிகல் உண்டு. அமிலத்தையும் காரத்தையும் சேர்த்து அளக்கும் டைட்ரேஷன் கட்டாயம் வரும். பியூரெட் என்ற நீளமான கண்ணாடிக் குழாயில் அமிலம். குடுவையில் இருபத்தைந்து சி.சி. காரம், அதில் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு. குழாயைத் திறந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒரு சொட்டில் மஞ்சள் நிறம் மாறும். அங்கே நிறுத்தி, எத்தனை சி.சி. செலவானது என்று பார்க்க வேண்டும். அதுதான் ரீடிங். இப்படி மூன்று தடவை.

இரும்புக் கடை மாடியில் பியூரெட்டுக்கு எங்கே போவது? நான் கரும்பலகையில் பியூரெட் படம் வரைந்தேன். காப்பிக் கடையிலிருந்து ஐந்து காலிப் பால் டின் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். “இடது கையால குழாயத் திறக்கறீங்க, வலது கையால குடுவைய ஆட்டறீங்க” என்று நான் சொல்ல, ஐந்து பெரிய மனிதர்கள் காற்றில் குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பிய பால் டின்னை ஆட்டுவார்கள். தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ஒழுகிக் கீழே ஆணி மூட்டையில் விழுந்தது. கடைக்காரர் மேலே வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன். பியூரெட்டை நானே ஒழுங்காகப் பிடித்ததில்லை. என் பள்ளியில் ஆறு பேருக்கு ஒரு பியூரெட். வேறொருவன் செய்வான், நான் நோட்டில் எழுதுவேன். என் பரீட்சையில் நான் சாதித்தது திரவத்தை உறிஞ்சி அளக்கும் பிப்பெட் குழாய் ஒன்றை உடைத்தது. எழுத்துத் தாள்தான் என்னைக் கரை சேர்த்தது.

ஆனால் தெரியாது என்று சொல்லமாட்டேனே. என் பள்ளி நோட்டில் இருந்த ரீடிங்கை எடுத்தேன். 24.6, 24.5, 24.5. ஆராய்ச்சியும் செய்தேன். இரண்டும் ஒரே அளவு வலுவாகக் கரைத்த திரவங்கள், இருபத்தைந்து சி.சி.க்கு இருபத்தைந்து பக்கம்தானே வரும்? பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு இதையே நிரூபித்தும் விட்டேன்.

“மூணு ரீடிங்கும் ஒத்துப்போகணும். இல்லன்னா மார்க் போச்சு. அதனால பதட்டமா இருந்தா இதையே எழுதிடுங்க. இதுக்குப் பக்கத்துலதான் எப்பவும் வரும்.”

மாரிமுத்து அண்ணன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

“சார், பாட்டில் மாறினா ரீடிங் மாறும் சார். எங்க லேப்ல பேஷண்ட் வயித்து அமிலத்த இப்படித்தான் அளப்பாங்க. ஆள் பத்தலன்னா என்னையும் சொட்டு விடச் சொல்வாங்க. ஒவ்வொண்ணுக்கும் வேற வேறதான் வரும்.”

“அண்ணே, அது ஆஸ்பத்திரி. இது பரீட்சை.”

“அப்புறம், அமிலம் ஊத்தின பிறகு மேல இருக்கற புனல எடுத்துடணும் சார். இல்லன்னா அதுலேருந்து ஒரு சொட்டு...”

“புத்தகத்துல புனல் இருக்கா?” என்று கேட்டேன். படத்தில் புனல் இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். மற்ற நால்வரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அம்மா சொல்லும்போதெல்லாம், அது சோம்பேறிகளுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன்.

கேட்டுக்கு வெளியே

பிராக்டிகல் பரீட்சை ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். நான் ஆபீசுக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டு வாசல் கேட் அருகே நின்றேன். முதலில் செல்லப்பா வந்தார், வாயெல்லாம் பல்.

“சார், டைட்ரேஷன்தான் சார்.”

“ரீடிங்?”

“இருபத்துநாலு பாயிண்ட் ஆறு, அஞ்சு, அஞ்சு.”

அடுத்தவருக்கும் அதே. மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் அதே. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கிலாந்தில் உட்கார்ந்து தாள் தயாரிக்கிறவனின் மனதை ஜாலான் புசாரில் இருந்தே படித்துவிட்டேன் என்று நம்பினேன். எல்லோரையும் சரபத் கடை என்ற ரோட்டோர டீக்கடைக்கு அழைத்துப் போய், தூக்கி ஆற்றிய பால் டீயான தே தாரேக் சொன்னேன்.

மாரிமுத்து அண்ணன் கடைசியாக வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். “உங்களுக்கு அண்ணே?” என்றேன்.

“இருபத்தொண்ணு பாயிண்ட் மூணு சார். மூணு தடவையும்.”

எனக்கு வந்ததே கோபம். “பியூரெட்ட அமிலத்தால அலசினீங்களா? அமில மட்டத்தோட கீழ் வளைவப் பாத்தீங்களா?”

“எல்லாம் பண்ணினேன் சார். அப்புறம் யோசிச்சேன். அத அடிச்சிட்டு, நீங்க சொன்னத எழுதிட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க அண்ணே” என்றேன். முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

தே பாதி குடித்திருப்பேன். செல்லப்பாவிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“மஞ்சள் எந்த இடத்துல மாறிச்சு?”

“யாரு பாத்தா சார்? ரீடிங்தான் தெரியுமே. சும்மா கொஞ்சம் அமிலத்த விட்டுட்டு எழுதிட்டேன். டைம் மிச்சம் லா.”

மற்ற மூவரையும் பார்த்தேன். அவர்களும் தலையாட்டினார்கள். எங்கள் ஐந்து பேரில் உண்மையில் அளந்து பார்த்தது ஒரே ஆள்தான். அவருக்கு வந்தது 21.3. மாரிமுத்து அண்ணன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “டியூட்டிக்கு நேரமாச்சு சார்” என்று கிளம்பிப் போனார்.

யார் சொல்லிக்கொடுத்தது?

மறுநாளும் பல்வலி. அந்தப் பள்ளிக்கே போய், பிராக்டிகலை மேற்பார்த்த ஆசிரியரைத் தேடிப் பிடித்தேன். சீனர். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை. இங்கிலீஷில்தான் பேசினோம்.

“சரியான ரீடிங்கை ஒருவர் அடித்துவிட்டுத் தவறானதை எழுதியிருந்தால், அடித்ததற்கு மார்க் கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“அடித்ததைத் திருத்துபவர் பார்க்கமாட்டார். நானும் அதே திரவங்களில் செய்து, என் ரீடிங்கைக் கவரில் வைத்து அனுப்பிவிட்டேன். அதோடு ஒப்பிட்டுத்தான் மார்க்.”

“உங்களுக்கு எவ்வளவு வந்தது சார்?”

“அதைச் சொல்லக்கூடாது” என்றவர் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார். “இருபத்துநாலு இல்லை. ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று சில பேர் இருபத்துநாலு எழுதியிருந்தது கண்ணில் பட்டது. எங்கிருந்து பிடித்தார்கள் என்றே புரியவில்லை.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஆனால் கடைசி மேசையில் ஒருவர் இருந்தார்” என்று அவர் தொடர்ந்தார். “புனலை எடுத்து வைத்தார். குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்தார். குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். என் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம் போல இருந்தது. முடித்த பிறகு தாளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், அதுதான் ஏன் என்று தெரியவில்லை. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“தெரியாது. எனக்குப் பழக்கமானவர், அவ்வளவுதான்” என்றேன்.

தெரியாது என்ற சொல் என் வாயில் முதல் தடவையாக வந்தது. அதுவும் பொய்யாக வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. இப்போது எழுதும்போதும் சுடுகிறது.

மார்ச்

மூன்று மாதம் மாரிமுத்து அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. ஒருவேளை எழுத்துத் தாள் கைகொடுத்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை என்று நேராகவே எழுதலாம்.

முடிவு வந்தது. ஐந்து பேரும் சயன்ஸில் ஃபெயில். மாரிமுத்து அண்ணனுக்குக் கணக்கில் நல்ல தேர்ச்சி. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் லா சார்” என்று செல்லப்பா எனக்கே ஆறுதல் சொன்னார். அவருக்கு அடுத்த வருஷம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி லேபுக்குப் போனேன். மாரிமுத்து அண்ணன் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, தொட்டியில் பியூரெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு நிமிர்ந்து நின்றார்.

“உக்காருங்க சார்.”

“அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு உங்க ரீடிங்தான் சரி. என்னோடது தப்பு.”

“தெரியும் சார்” என்றார்.

“எப்பத் தெரிஞ்சுச்சு?”

“அங்கயே தெரியும். மூணு தடவையும் ஒரே இடத்துல மாறிச்சே. இந்தக் கண்ணு அதுல தப்பாது.”

“தெரிஞ்சும் ஏண்ணே அடிச்சீங்க?”

அவர் ஒரு பியூரெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டும் ஒட்டவில்லை. அதைத் தாங்கியில் மாட்டினார்.

“நீங்க படிச்சவங்க சார். நான் கழுவறவன். நமக்கு வந்தது எப்படி சரியா இருக்கும்னு தோணிடுச்சு.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நான் அந்தத் தொட்டி ஓரத்தில் நின்று அழுதேன். அவர் பதறிப்போய் கையைத் துடைத்துக்கொண்டு, “இதுக்கெல்லாம் ஏன் சார், சம்பளம் வருது, வேலை இருக்கு” என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அழுகை ஓய்ந்ததும், “எனக்குப் பியூரெட் பிடிக்கத் தெரியாது அண்ணே, சொல்லிக்கொடுங்க” என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார். அதற்கப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள் அங்கே போனேன். முதல் நாள் எனக்கு வந்த மூன்று ரீடிங்குகள் மூன்று ஊரில் இருந்தன. இரண்டாம் நாள் மேசையெல்லாம் அமிலம். எழுந்து நில்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை, நானாகத்தான் நின்றேன். பின்னால் நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, லேப் உள்ள பள்ளிக்குப் போனேன். மாரிமுத்து அண்ணன் அட்டெண்டராகவே ஓய்வு பெற்றார்.

குறிப்புகள்

கேட்டதற்காக எழுதுகிறேன். கணக்கில் வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதாதீர்கள், விடை தவறினாலும் வழிக்கு மார்க் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் சி.சி.யா கிராமா என்று போடுங்கள். பழைய தாள்களைச் செய்து பாருங்கள், ஆனால் அதை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். பியூரெட்டில் புனலை எடுத்துவிடுங்கள்.

கையால் செய்து, கண்ணால் பார்த்து ஒரு விடை வந்து, உங்கள் வாத்தியார் சொன்னது வேறாக இருந்தால், உங்களுக்கு வந்ததையே எழுதுங்கள். அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி, டை கட்டியிருந்தாலும் சரி. தவறிப்போனால் வாத்தியாருக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வருஷம் புது வகுப்பு வரும். எனக்கு வந்தது, பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.